பந்துக்கு முதுகு காட்டி

போன மாதம் ஒரு சான்றிதழ் விஷயமாக நான் கடைசியாக வேலை பார்த்த ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். இப்போது அங்கே எஸ்.ஐ.யாக இருப்பவர் ஒரு இளம்பெண். உட்கார வைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, செல்போனில் இரண்டு வீடியோக்களைக் காட்டினார். டிரோன் விட்டு மேலேயிருந்து எடுத்தவை.

"இதுல எது கிரிக்கெட் கூட்டம், எது ஃபுட்பால் கூட்டம்னு சொல்லுங்கம்மா பாப்போம்."

இரண்டிலும் தலைகள்தான் தெரிந்தன, தரையில் கொட்டிவிட்ட உளுந்து மாதிரி. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு ஒரே சந்தோஷம். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருடைய எல்லைக்குள் ஓர் ஊரில் கிரிக்கெட் இறுதி ஆட்டம், இன்னோர் ஊரில் கால்பந்து இறுதி ஆட்டம். ஆள் பற்றாக்குறை. எங்கே அதிகம் பேரைப் போடுவது?

"கால்பந்துக்கு ஆள் அதிகம் போடுங்க. கிரிக்கெட்டுக்குப் பொறுமை அதிகம் உள்ள ஆளாப் போடுங்க" என்றேன்.

"ஏம்மா?"

அதற்குப் பதில் சொல்ல ஒரு டீ போதாது. "எழுதிக் கொடுத்துடுங்களேன்" என்றார், என்னை அனுப்பி வைக்கும் மரியாதையான வழியாக. நான் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டேன்.

நான் குளத்தூர்ப் பக்கத்துக்காரி. காவலராகச் சேர்ந்தபோது எனக்கு விளையாட்டு என்றால் பள்ளிக்கூடத்து ரிங் டென்னிஸ் மட்டும்தான். பயிற்சியில் ஓடச் சொன்னார்கள், ஓடினேன். சல்யூட் அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன். கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது பற்றி ஒரு வகுப்பு நடந்தது. அன்று எனக்குக் காய்ச்சல்.

பிறகு முப்பது வருடத்துக்கும் மேல் திருவிழா, தேர்தல், ஜல்லிக்கட்டு, மேட்ச் என்று கூட்டம் கூடிய இடமெல்லாம் நின்றிருக்கிறேன். கட்டுமாவடிப் பக்கக் கடற்கரை ஊர்களில் நடக்கும் கால்பந்துக்கு என்னை எப்போதும் போடுவார்கள். அங்கே மீன் விற்கும் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஆட்டம் பார்க்க வருவார்கள். கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டால் யாராலும் எழுப்ப முடியாது. ஆண் போலீஸ் யாரும் அவர்களிடம் வாய் கொடுக்கத் தயாராக இல்லை. ஆகவே நான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மைதானத்து பந்தோபஸ்தில் நிற்கும் போலீஸ் கூட்டத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி. இத்தனை வருடத்தில் நான் பார்த்த கோல்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆனால் கோல் விழும்போது மனிதர்களின் முகம் என்ன ஆகும் என்று கேட்டால் நாள் முழுக்கச் சொல்வேன்.

இந்த விதியை எங்களுக்குள் ஊறப்போட்டவர் இன்ஸ்பெக்டர் வைத்திலிங்கம். சத்தமே போடமாட்டார். அவர் திட்டுவதைக் கேட்க வேண்டுமென்றால் நாம்தான் குனிந்து காதைக் கொடுக்க வேண்டும். கடைநிலைக் காவலரைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். ஆட்டம் சாயங்காலம் என்றால் மதியமே வந்துவிடுவார். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் சுக்குக் காபி ஃபிளாஸ்க். மைதானத்தை ஒரு முறை தனியாகச் சுற்றுவார். எந்தப் பக்கம் வழி, எந்தப் பக்கம் முள்வேலி, எங்கே கிணறு என்று பார்த்துக்கொள்வார். கடலை விற்கிறவர், ஐஸ் விற்கிறவர் எல்லோரிடமும் பேர் கேட்டு வைத்துக்கொள்வார். "கூட்டத்துல என்ன நடக்குதுன்னு நமக்கு முன்னாடி யாவாரிக்குத்தான் தெரியும்ங்க. அவரு கடையக் கட்டுனா நாம லத்தியக் கையில எடுக்கணும்" என்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு பலவீனம் இருந்தது. கிரிக்கெட் என்றால் உயிர். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் விதியைப் போட்டவரே அவர், மீறவும் முடியாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஜீப் டிரைவரிடம் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் பெரிய கூலிங் கிளாஸ் ஒன்று இருந்தது. கிரிக்கெட் நாளில் மட்டும் அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, டிரைவரைத் தனக்கு எதிரே நிறுத்திக்கொள்வார். டிரைவரின் முகத்தையே உற்றுப் பார்த்தபடி அசையாமல் நிற்பார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ முக்கியமான உத்தரவு நடப்பதாகத் தோன்றும். பிம்பம் இடம் வலம் மாறித்தானே தெரியும்? "இந்த ஊர்ல எல்லாரும் இடதுகை ஆட்டக்காரங்களா இருக்காங்களே" என்று ஒருமுறை என்னிடமே ஆச்சரியப்பட்டார்.

கிரிக்கெட் கூட்டம் எப்படி என்று எனக்குத் தெரிந்தது கறம்பக்குடிப் பக்கம் ஓர் ஊரில்தான். அறுவடை முடிந்த வயலை ஒட்டிய பொட்டலில் டென்னிஸ் பந்துப் போட்டி. கூட்டம் காலையிலேயே வந்துவிட்டது. ஆனால் ஒரே இடத்தில் இல்லை. புளியமரத்தடியில் கொஞ்சம், டிராக்டர் மேல் கொஞ்சம், பைக்குகளை வரிசையாக நிறுத்தி அதன்மேல் படுத்தபடி கொஞ்சம். வெயில் நகர நகர நிழல் நகர்ந்தது, நிழலோடு கூட்டமும் நகர்ந்தது. ஒருவர் நடுவில் எழுந்து வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, திரும்பி வந்து, "எத்தன விக்கெட்டு?" என்று கேட்டார். மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் செல்போனில் வேறு ஒரு மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிக்ஸர் அடித்தால் முதலில் நாலு பேர் கத்துவார்கள். பிறகு பந்து எங்கே விழுந்தது என்று தேடுவார்கள். பிறகு மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்து, "என்ன, சிக்ஸா?" என்று கேட்டுவிட்டுக் கைதட்டுவார்கள்.

சண்டையும் அப்படித்தான், நிதானமாக வரும். அன்று ஒரு ரன் அவுட். நடுவர் அவுட் என்றார். ஆட்டக்காரர் போகமாட்டேன் என்றார். புளியமரத்தடி ஆட்கள் அவுட் என்றார்கள், டிராக்டர் ஆட்கள் இல்லை என்றார்கள். அரை மணி நேரம் பேசினார்கள். அதற்குப் பிறகுதான் முதல் சட்டை பிடிபட்டது. நான் ஓடப் பார்த்தேன். வைத்திலிங்கம் சார் கையைக் காட்டித் தடுத்தார்.

"இருங்க ஏட்டம்மா. இவங்க இன்னும் பேசி முடிக்கல."

மெதுவாக ஆடுகளத்துக்குப் போனார். "எனக்குக் கிரிக்கெட் அவ்வளவாத் தெரியாதுங்க" என்று கூசாமல் ஒரு பொய் சொன்னார். "எப்படி ஓடுனாரு, பந்து எங்கிட்டு இருந்து வந்துச்சு? யாராச்சும் செஞ்சு காமிங்க."

ஒருவர் ஓடிக் காட்டினார். "அப்புடி ஓடலங்க, இப்புடித்தான்" என்று அடுத்தவர் ஓடினார். சட்டையைப் பிடித்திருந்தவரும் விட்டுவிட்டு வரிசையில் நின்றார். வயதான விவசாயி ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, உண்மையிலேயே விழுந்து கிரீஸைத் தொட்டுக் காட்டினார். பத்துப் பதினைந்து பேர் அந்த ரன் அவுட்டை ஆடி முடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பந்து தெரியவில்லை, மிச்சத்தை அடுத்த வாரம் ஆடுவது என்று முடிவானது. எல்லோரும் மூச்சு வாங்கியபடி சமாதானமாகப் போனார்கள்.

அன்று நான் நினைத்தேன், கூட்டத்தைச் சமாளிப்பது இவ்வளவுதானா என்று. அதே நினைப்போடு கடற்கரைக்குப் போனேன்.

கால்பந்துக் கூட்டத்துக்கு மரமும் வேண்டாம், நிழலும் வேண்டாம். கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம் போதும். ஆட்டம் தொடங்கிவிட்டால் எழுந்து போகமாட்டார்கள், வாங்கிய கடலையைக்கூடத் தின்னமாட்டார்கள். பந்து இடப்பக்கம் போனால் ஆயிரம் கழுத்தும் இடப்பக்கம் திரும்பும். எதிரே நின்று பார்த்தால் காற்றில் நெற்பயிர் சாய்கிற மாதிரி இருக்கும். கோல் விழுந்தால் 'என்ன' என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. ஒரே நொடியில் அத்தனை பேரும் எழுந்து குதிப்பார்கள். அந்தக் குதியில் என் காலடி மணல் அதிர்வதை உணர்ந்திருக்கிறேன். சண்டை வந்தாலும் அதே வேகம்தான். நாம் ஒரு சுக்குக் காபி ஊற்றுவதற்குள் தொடங்கி முடிந்திருக்கும்.

இனி நான் மறக்க முடியாத அந்த இறுதி ஆட்டம். அந்தக் கடற்கரை ஊரின் பெயர் வேண்டாம். உள்ளூர் அணிக்கு நீலச் சட்டை, வெளியூர் அணிக்கு மஞ்சள் சட்டை. கோல் கம்பத்தில் பழைய மீன்வலை கட்டியிருந்தார்கள். அந்த வருடம் கமிட்டிக்காரர்கள் புதிதாக ஒரு கேலரி போட்டிருந்தார்கள். சவுக்குக் கட்டைகளை நட்டு, குறுக்கே பலகை போட்டு, கயிற்றால் கட்டிய எட்டு வரிசை. எட்டிலும் நெருக்கியடித்து ஆட்கள். அதற்கு முன்னால், கோட்டை ஒட்டிய கயிற்றருகே நான் நின்றேன்.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்து, கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கேலரி முழுக்க வலப்பக்கம் திரும்பி, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு மனிதர் மட்டும் தன் காலடியைப் பார்த்தார். மேலிருந்து இரண்டாவது வரிசை. திரும்ப ஆட்டத்தைப் பார்த்தார். திரும்பக் காலடியைப் பார்த்தார். மூன்றாவது முறை குனிந்து பலகையைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

கால்பந்து பார்க்கிற எவரும் தன் காலைப் பார்ப்பதில்லை. கேலரிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஓரத்துக் கம்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அது நட்டிருந்த குழியில் மணல் சரிந்துகொண்டிருந்தது. குறுக்குக் கட்டையைக் கட்டியிருந்த கயிறு பிரிந்து, நார் நாராகத் தொங்கியது. மேலே இருந்தவர்கள் கொஞ்சம் அசைந்தாலும் கம்பம் முனகியது.

சாருக்கு வாக்கி டாக்கியில் சொன்னேன். வந்து பார்த்தார். முகம் மாறவில்லை, குரல் மட்டும் இன்னும் தணிந்தது.

"ஆட்டம் இன்னும் எத்தன நிமிஷம்?"

"மூணு நிமிஷம் சார். அப்புறம் பெனால்ட்டி."

"இந்த மூணு நிமிஷத்துல கோல் விழுந்தா?"

விழுந்தால் அத்தனை பேரும் ஒன்றாகக் குதிப்பார்கள். 'கேலரி விழப்போகுது' என்று சொன்னாலும் ஒன்றாகக் குதிப்பார்கள்.

என் வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான் கோல் விழக்கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். உள்ளூர் அணி அடித்த பந்து ஒன்று கோலின் மேல் கம்பத்தில் பட்டுத் திரும்பிய சத்தம் கேட்டது. மேலே எட்டு வரிசையும் பாதி எழுந்து, 'ச்சே' என்று சொல்லி உட்கார்ந்தது. கேலரிக் கம்பம் இன்னும் ஒரு விரற்கடை சாய்ந்தது. விசில் ஊதினார்கள். பெனால்ட்டிக்குத் தயாராக ஐந்து நிமிடம்.

சார் அந்த மேல் வரிசை மனிதரைச் சைகை காட்டிக் கீழே வரவழைத்தார். பெயர் காளிமுத்து, படகு கட்டும் தச்சர். முகத்தில் திருட்டுக் களை.

"மரம் பேசுறது ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஏங்க சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா எறங்கச் சொல்வீங்க. காலையில இருந்து புடிச்சு வச்ச எடம்ங்க. இன்னும் பத்து நிமிசம் தாங்கும்னு நெனச்சேன்."

கிரிக்கெட் ரசிகராக இருந்திருந்தால் கமிட்டியைக் கூப்பிட்டு, நாலு பேரிடம் நியாயம் கேட்டு, வேறு மரத்தடிக்குப் போயிருப்பார். இவர் கால்பந்து ரசிகர். ஆனால் பின்னால் வந்து கயிற்றைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"மேல இருக்கவங்க அசையவே கூடாதுங்க. கீழ இருந்து ஒவ்வொரு வரிசையா உருவணும். நான் உள்ள போயி முட்டுக் குடுக்கறேன்" என்றார்.

நான் தடுப்பதற்குள் கேலரி கட்டியதில் மிஞ்சிக் கிடந்த கட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு, நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்திருந்த அந்தப் பலகைகளுக்கு அடியில் நுழைந்துவிட்டார். பின்னாலேயே துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு சாரும் நுழைந்தார். நுழையும் முன் என்னிடம் சொன்னது இது:

"நீங்க மைக்ல பேசுங்க. நான் பேசினா போலீஸ் வெரட்டுதுன்னு நெனப்பாங்க. நீங்க பேசினா ஆத்தா வையுதுன்னு நெனப்பாங்க."

மைக் இருந்த மேஜைக்கு ஓடினேன். பயம் குரலில் தெரியக்கூடாது.

"கேலரில இருக்கவங்களுக்கு ஒரு நல்ல சேதி. பெனால்ட்டியக் கோட்டுக்குப் பக்கத்துல உக்காந்து பாக்கலாம்."

கேலரி ஆரவாரம் செய்தது. எனக்கு உயிர் போய் வந்தது.

"ஆனா வரிசை வரிசையாத்தான். மொத வரிசை மட்டும் எந்திரிங்க. முறை வாரதுக்கு முன்னாடி ஒருத்தர் எந்திரிச்சாலும் மொத்தப் பேரும் அங்கிட்டேதான் இருக்கணும். சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு எனக்கு வேலையே இல்லை. இரண்டாம் வரிசைக்காரர்கள் ஒருவர் தோளை ஒருவர் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். "டேய், ஒக்காருடா, ஒன்னால எல்லாருக்கும் போயிரும்" என்று அவர்களே அதட்டினார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு இடம் என்று சொன்னால் கால்பந்து ரசிகர் பள்ளிக்கூடப் பிள்ளையை விட ஒழுக்கமாக இருப்பார் என்று அன்று கண்டேன். முதல் வரிசை இறங்கியது. இரண்டு. மூன்று. மைதானத்தின் மற்றப் பக்கங்களிலிருந்து, "அவங்களுக்கு மட்டும் என்ன தனி சலுகை?" என்று கூச்சல் எழுந்தது. கயிற்றைத் தள்ளத் தொடங்கினார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மீன்காரப் பெண்களைப் பார்த்து, "அக்கா, கொஞ்சம் பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னேன். கூடைகளிலிருந்து எழுந்தார்கள். அவர்கள் சொன்னதை எழுத முடியாது. கயிறு தளர்ந்தது.

ஏழு வரிசை இறங்கியாயிற்று. எட்டாவதில் மூன்று பெரியவர்கள் மட்டும் அசையவில்லை. "நாங்க இங்கிட்டே இருந்துக்கறோம். நல்லாத் தெரியுது" என்றார் ஒருவர். அவர்களுக்கு நேர் கீழேதான் காளிமுத்துவும் சாரும் கம்பத்தைத் தோளால் தாங்கி நின்றார்கள். ரெஃப்ரி பந்தைப் புள்ளியில் வைத்துக்கொண்டிருந்தார்.

என்ன தோன்றியதோ, மைக்கில் சொன்னேன்: "மேல் வரிசையில இருக்க மூணு பெரியவங்களுக்கும் கமிட்டி சார்பா இப்பப் பொன்னாடை போத்தப் போறாங்க. மேடைக்கு வரணும்னு அன்போட கேட்டுக்கறோம்."

மூவரும் வேட்டியைச் சரிசெய்து, தலையைக் கோதிக்கொண்டு, நிதானமாக, ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். கமிட்டித் தலைவர் என்னை எரிப்பதுபோல் பார்த்துவிட்டு, மூன்று துண்டுகளைத் தேடி ஓடினார்.

கடைசிப் பெரியவரின் கால் மணலில் பட்டதும் சாரும் காளிமுத்துவும் வெளியே வந்தார்கள். பின்னால் யாரும் போகாதபடி கயிறு கட்டினோம். நான் பழையபடி கூட்டத்தைப் பார்த்து நின்றேன். மூன்றாவது பெனால்ட்டி. யார் அடித்தார்கள் என்று தெரியாது. கோட்டோரம் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே நொடியில் எழுந்து குதித்தார்கள். மணல் அதிர்ந்தது. அவர்கள் தலைக்கு மேலே, தூரத்தில், முட்டுக்கட்டை வழுக்கி, காலியாக நின்ற கேலரி ஒரு பக்கமாக மண்டியிட்டு, மெல்லப் படுத்துக்கொண்டது. சத்தம் கேட்டிருக்க வேண்டும், ஆரவாரத்தில் எனக்கே கேட்கவில்லை. அவ்வளவு பேர் இருந்த மைதானத்தில் அதைப் பார்த்தவர்கள் முதுகைக் காட்டி நின்ற நாங்கள் சிலர்தான்.

சார் பக்கத்தில் வந்து நின்றார். சட்டைத் தோளில் சவுக்குப் பட்டை அப்பியிருந்தது. ஃபிளாஸ்கைத் திறந்து எனக்கும் ஊற்றினார். மூடியை என்னால் பிடிக்க முடியவில்லை, அவரே பிடித்துக்கொண்டார்.

அறிக்கையில் அவர் எழுதியது இரண்டே வாக்கியம். 'கேலரி விழுந்தது. அதில் யாரும் இல்லை.' யாரும் இல்லாத கேலரி எதனால் விழுந்தது என்று விளக்கம் கேட்டு மேலிருந்து ஒரு மெமோ வந்தது. அதற்கு அவர் என்ன பதில் எழுதினார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

மறு வருடமும் அதே ஊரில் இறுதி ஆட்டம். கேலரியைக் காளிமுத்துவே கட்டினார், கூலி வேண்டாமென்று சொல்லி. கம்பங்களை ஆள் உயரத்துக்குக் குழி தோண்டி நட்டு, குறுக்குக் கட்டைகளை ஆணி போட்டு இறுக்கியிருந்தார். நூறு பேர் சேர்ந்து கடலில் தள்ளினால் மிதக்கும் போலிருந்தது. முதல் வரிசையில் நடு இடத்தைக் கமிட்டி அவருக்கென்று ஒதுக்கியிருந்தது. ஆட்டம் தொடங்கிய பிறகும் அந்த இடம் காலியாகவே இருந்தது.

அவரைத் தேடிப் பின்னால் போனேன். பலகைகளுக்கு அடியில், ஓரத்துக் கம்பத்தை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காதை மரத்தோடு வைத்திருந்தார்.

"என்னங்க இது? ஒங்க எடம் சும்மா கெடக்கு. ஃபைனல் ஓடுது."

"நீங்க போங்கம்மா. பேசாதீங்க, மரத்தக் கேக்க விடுங்க."

"போன வருசம் பத்து நிமிசத்துக்கு எறங்கமாட்டேன்னீங்க."

மேலே திடீரென்று வானம் இடிந்த மாதிரிச் சத்தம். எட்டு வரிசையும் ஒன்றாக எழுந்து குதித்தது. பலகை இடுக்குகளிலிருந்து மணலும் கடலைத் தோலும் அவர் தலையில் கொட்டின. தட்டிவிடாமல், மூச்சைப் பிடித்து, அதிர்வு அடங்கும்வரை கம்பத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கோலு விழுந்திருச்சும்மா. கேலரி விழல."